பென்சைக்ளிடினும் கெட்டமினும்: ஒரே குடும்பம், வேறு வேறு விதி

இரண்டுமே மயக்க மருந்துகள்; அமெரிக்க மருந்து நிறுவனமான பார்க்-டேவிஸின் ஆய்வில் பிறந்தவை. பென்சைக்ளிடின் (பிசிபி) மூத்தது, 1956. வலி தெரியாமல் செய்தது, மூச்சையும் அடக்கவில்லை. ஆனால் அறுவை முடிந்து கண் விழித்தவர்களில் பலர் மணிக்கணக்காகப் பிதற்றினார்கள், முரண்டு பிடித்தார்கள். 1965-இல் மனிதர்களுக்குக் கொடுப்பதைக் கைவிட்டார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்கத் தேடியபோது, 1962-இல் வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கியதுதான் கெட்டமின். இரண்டும் மூளையில் அடைப்பது ஒரே இடத்தை: நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து இணையும் என்எம்டிஏ ஏற்பியை. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? வீரியமும் நேரமும்தான். கெட்டமின் வீரியம் குறைந்தது, சீக்கிரம் இறங்கிவிடும். விழிக்கும்போது குழப்பம் இதிலும் உண்டு, ஆனால் சமாளிக்கக்கூடியது. மின்சாரமோ மயக்க இயந்திரமோ இல்லாத சிறு மருத்துவமனைக்கு இதைவிடத் தோதான மயக்க மருந்து கிடைப்பது கஷ்டம். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அதற்காக சாது என்று நினைத்துவிட வேண்டாம். போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிவிடும்.

சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. பிசிபி, மனநிலையை மாற்றும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இரண்டாம் பட்டியலில் உள்ளது. கெட்டமின் அதில் இல்லவே இல்லை. சேர்த்தால் மருந்து கிடைக்காமல் ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சை தடைபடும் என்பதே முக்கியமான வாதம், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. நாடுகள் தனித்தனியே கட்டுப்படுத்துகின்றன: அமெரிக்கா 1999-இல் தன் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் வைத்தது, இந்தியா 2011-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.