‘இஸ் திஸ் இட்’ அமெரிக்க சிடி: 17 வருடமாக உறுத்தும் ஒன்பதாவது பாட்டு

போன வாரம் நண்பன் கேட்டான்: “தி ஸ்ட்ரோக்ஸ் முதல் ஆல்பம் சிடி விலை குறைஞ்சிருக்கு. உன்கிட்டதான் இருக்கே, வாங்கலாமா?” சட்டென்று பதில் வரவில்லை. நியூயார்க் ராக் இசைக்குழுவான ஸ்ட்ரோக்ஸின் அந்த ஆல்பம்தான் ‘இஸ் திஸ் இட்’. அவன் காட்டியதும் என்னிடம் இருப்பதும் ஒரே அமெரிக்கப் பதிப்புதான். 17 வருடமாகக் கேட்கிறேன். பெட்டியின் கீல் உடைந்து வேறு பெட்டிகூட மாற்றியாயிற்று. ஆனால் ஒன்பதாவது பாட்டு வந்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 11 பாட்டு, 36 நிமிடம் சொச்சம். இத்தனை வருடத்தில் அலுத்துப்போனது என்று ஒன்றுகூட இல்லை. 2001 தொடக்கத்தில் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் ஒரு சின்ன ஸ்டூடியோவில், கோர்டன் ரஃபேல் தயாரிப்பில் பதிவானது. பாடகர் ஜூலியன் காசபிளாங்காஸ் தன் குரலை ஒரு சிறிய பயிற்சி ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக விட்டுப் பதிவு செய்தார். குரலில் வரும் அந்தக் கரகரப்பு அதனால்தான். முதல் தடவை கேட்டபோது ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். இப்போது அந்தக் கரகரப்பு இல்லாத குரல்கள்தான் எனக்கு வெறுமையாகக் கேட்கின்றன. முதல் பாட்டில் நிக்கோலாய் ஃப்ரேச்சரின் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். இரவில் அதற்காகவே மூன்று நான்கு தடவை திருப்பிப் போட்டிருக்கிறேன்.

இந்த ஆல்பம் வெளிவந்த கதை, இசைக்குழு ஊர் ஊராகப் போன கதையோடு பின்னிக்கிடக்கிறது. 2000 டிசம்பரில் நியூயார்க்கின் மெர்குரி லவுஞ்ச் என்ற இசை அரங்கில் வாராவாரம் வாசித்தார்கள். அங்கே நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துகொண்டிருந்த ரயன் ஜென்டில்ஸ் அந்த வேலையை விட்டுவிட்டு இவர்களுக்கு மேலாளரானார். 2001 ஜனவரியில் மூன்று பாட்டுகள் கொண்ட இபியை (சிறு இசைத்தட்டு) ரஃப் டிரேட் நிறுவனம் பிரிட்டனில் வெளியிட்டது. சொந்த ஊரைவிட அங்கேதான் பேர் முதலில் பரவியது. ஆல்பமும் அவர்கள் வாசிக்கப் போன வழியைப் பிடித்தே வந்தது. சுற்றுப்பயணத்தை ஒட்டி ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவில். ஆகஸ்ட் 22 அன்று ஜப்பானில். ரெடிங், லீட்ஸ் இசை விழாக்கள் முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 27 அன்று, பிரிட்டனில். அங்கே ஆல்பம் பட்டியலில் நேராக இரண்டாம் இடம். சொந்த நாட்டுக்குத்தான் கடைசி: செப்டம்பர் 25 என்று வைத்திருந்தார்கள்.

அதற்குள் செப்டம்பர் 11 வந்துவிட்டது. அமெரிக்க சிடி அக்டோபர் 9-க்குத் தள்ளிப்போனது. நியூயார்க் போலீஸைக் குறைசொல்லும் ‘நியூயார்க் சிட்டி காப்ஸ்’ நீக்கப்பட்டு, அந்த இடத்தில் ‘வென் இட் ஸ்டார்ட்டட்’ வந்தது. அந்த முடிவைத் தப்பு சொல்ல மாட்டேன். இடிந்த கோபுரங்களில் போலீஸ்காரர்களும் செத்திருந்தார்கள். அந்த மாதத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

நான் வாங்கியது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து. அப்போதும் அதே மாற்றிய வரிசைதான் என்பதுதான் ஆறவில்லை. அமெரிக்க வினைல் இசைத்தட்டில் அந்தப் பாட்டு அப்படியே இருக்கிறது! 2002 ஆகஸ்டில், அதே நியூயார்க்கில், ரேடியோ சிட்டி அரங்க மேடையில், ‘தி வைட் ஸ்ட்ரைப்ஸ்’ குழுவின் ஜாக் வைட்டும் கிடாரோடு சேர்ந்துகொள்ள அதே பாட்டை வாசித்தார்கள். சிடி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேடைக்கு ஆகும் பாட்டு சிடிக்கு மட்டும் ஆகாதா?

எட்டாவது பாட்டான ‘ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்’ வெட்டினாற்போல் நிற்கும். அந்த மௌனத்தை உடைத்துக்கொண்டு ‘காப்ஸ்’ இரைச்சலாக, தட்டுத்தடுமாறி உள்ளே நுழைய வேண்டும். வேறொரு நண்பன் வீட்டில் பிரிட்டன் பதிப்பைக் கேட்டபோதுதான் ஆல்பத்தின் பின்பாதி ஏன் அப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று புரிந்தது. என் சிடியில் அந்த இடத்தில் அடக்கமாக ஒரு பாட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாட்டு மோசமில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பேஸ் அருமை. 2002 ‘ஸ்பைடர்-மேன்’ படத்தின் பாடல் தொகுப்பிலும் இருக்கிறது. அங்கே கேட்டால் எனக்குப் பிடிக்கிறது. இங்கே அதன் இடம் இது இல்லை. அட்டையையும்தான் மாற்றினார்கள். காலின் லேன் எடுத்த கையுறைப் படத்துக்குப் பதில், அணுத்துகள்கள் ஓடிய கோடுகள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, இதுதான் அழகு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அவனிடம் சொன்னது: வாங்காதே. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பின்னட்டையைத் திருப்பி ஒன்பதாவது வரியைப் படி, ‘நியூயார்க் சிட்டி காப்ஸ்’ என்று இருந்தால் மட்டும் எடு.

“சரி, அப்போ உன்னோடதைக் குடு, கேட்டுப் பார்க்கிறேன்” என்றான். தர மனசு வரவில்லை.