ஆட்ரூலா, கான்ஸ்ட்ரெயின்ட்செட்டா?

தரமணியில் எங்கள் டீமுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பது இதுதான்: ஆண்ட்ராய்டில் ஒரு பட்டனை ப்ரோக்ராம் கோடிலேயே வலது ஓரத்துக்கு நகர்த்த எது நல்லது, ரிலேட்டிவ்லேஅவுட்டின் ஆட்ரூலா, கான்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டின் கான்ஸ்ட்ரெயின்ட்செட்டா? ஸ்கிரீனில் எது எங்கே நிற்கும் என்று தீர்மானிக்கும் இரண்டு லேஅவுட்கள் இவை.

எழுதுவது
ரிலேட்டிவ்லேஅவுட்: ஆட்ரூல் (விதி சேர்ப்பது) ஒரு வரி, அப்புறம் ரிக்வெஸ்ட்லேஅவுட் (மறுபடி அடுக்கச் சொல்வது).
கான்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்: கான்ஸ்ட்ரெயின்ட்செட்டில் மூன்று வரி: குளோன் (இப்போதைய இணைப்புகளை நகலெடுப்பது), கனெக்ட் (புதிய ஓரத்தோடு இணைப்பது), அப்ளைடூ (லேஅவுட்டில் அமல்படுத்துவது).

சறுக்கும் இடம்
ரிலேட்டிவ்லேஅவுட்: பழைய இடது விதியை ரிமூவ்ரூல் போட்டு எடுக்காவிட்டால் பட்டன் இரண்டு ஓரத்துக்கும் இழுபட்டு நீண்டுவிடும்.
கான்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்: பழைய இணைப்பை கிளியர் செய்யாவிட்டால் நடுவில் போய் நிற்கும். உள்ளே இருக்கும் வியூக்களில் (பட்டன், எழுத்து போன்றவை) ஒன்றுக்கு ஐடி இல்லையென்றாலும் குளோன் வரியிலேயே ஆப் கிராஷ் ஆகும், எனக்கு ஒரு முழு மாலை இதில் போயிருக்கிறது.

பழைய ஆப்பில் ஒரே பட்டன் என்றால் ஆட்ரூல் போதும், எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டாம். பல வியூக்கள் சேர்ந்து நகரும் புதிய ஸ்கிரீனா, யோசிக்காமல் கான்ஸ்ட்ரெயின்ட்செட்.