கராஜை அறையாக்கும்போது: படுக்கைச் சட்டங்களா, தொங்கு விட்டங்களா?

வட அமெரிக்காவில் கராஜை வசிக்கும் அறையாக மாற்றுபவர்கள் கதவுத் திறப்பை எப்படி மூடுவது என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் கூரை உயரத்தையும் செலவின் பெரும்பகுதியையும் தீர்மானிப்பது தரை. மொட்டை மாடியில் மழைநீர் வடிய வாட்டம் விடுவதைப் போல, காரிலிருந்து உருகி விழும் பனிநீர் வெளியேறுவதற்காக கராஜ் தளமும் கதவை நோக்கிச் சரிந்திருக்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்றாலும் 20 அடி நீளத்தில் அது இரண்டரை அங்குலம்.

இந்தச் சரிவின் மேல் சமமான தரை போட இரண்டு வழிகள். முதல் வழி படுக்கைச் சட்டம்: கான்கிரீட்டின் மேல் பாலிதீன் தாளை விரித்து, மருந்தேற்றிய மரச்சட்டங்களைப் படுக்க வைத்து, இடைவெளியில் நுரை அட்டையை நிரப்பிப் பிளைவுட் அடிப்பது. சட்டங்களை வாட்டத்தின் திசையிலேயே நீளமாகப் போட்டால் ஒவ்வொன்றையும் ஆப்பு வடிவில் அறுக்க வேண்டும். வீட்டுப் பக்கம் ஒன்றரை அங்குலம் என்றால் கதவுப் பக்கம் 4 அங்குலம் வேண்டும். 2×4 எனக் கடையில் விற்கும் மரம் உண்மையில் மூன்றரை அங்குலமே இருப்பதால், 2×6 வாங்கி அறுக்க நேரும். வாட்டத்துக்குக் குறுக்காகப் போடுவதே மேல் என்பேன்: அப்போது ஒரு சட்டம் முழுவதும் ஒரே உயரம்தான், 16 அங்குலம் தள்ளி வரும் அடுத்த சட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கூடினால் போதும். தளம் குண்டுங்குழியுமாக இருந்தால் மட்டும் அடியில் பிளாஸ்டிக் சக்கை (மட்டம் பிடிக்கும் மெல்லிய துண்டு) வைக்க வேண்டும். அதில் சோம்பினால் நடக்கும்போதெல்லாம் தரை கிறீச்சிடும்.

இரண்டாவது வழியான தொங்கு விட்டத்தில் தரை கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை. எதிரெதிர்ச் சுவர்களின் செங்குத்துச் சட்டங்களில் தாங்குபலகையைத் திருகி, இரும்புத் தொட்டில்களில் விட்டங்களை உட்கார வைக்கிறார்கள். தளம் வெடித்தாலும் இறங்கினாலும் தரை அசையாது. 12 அடி அகலக் கராஜுக்கு, மரத்தின் வகையும் தரமும் ஒத்துவந்தால், 2×8 விட்டம் பொதுவாகப் போதும். ஆனால் பிளைவுட்டோடு சேர்ந்து 8 அங்குல உயரம் போய்விடும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி வசிக்கும் அறைக்குக் குறைந்தது 7 அடி கேட்பதால், 8 அடிக் கூரையில் 7 அடி 4 அங்குலம் மிஞ்சுவது மயிரிழைக் கணக்குதான்.

படுக்கையறைக்கோ அலுவல் அறைக்கோ முதல் வழியே போதும். கழிப்பறையும் வேண்டுமென்றால் கதை மாறுகிறது: 3 அங்குலக் கழிவுக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குல வாட்டம் விடுவது வழக்கம், அதாவது 12 அடியில் 3 அங்குலம். விட்டங்களுக்கு இணையாகக் கொண்டுபோனால் அது 2×8-க்குள் அடங்கும். படுக்கைச் சட்டத்திலோ கான்கிரீட்டை உடைக்காமல் தீராது; அந்த ஒரு வேலையே மரத்தில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

எந்த வழியானாலும் கதவுத் திறப்பில் அடித்தளச் சுவர் தரைக்கு மேல் எழும்பியிருக்காது. மேலுள்ள உத்தரம் கூரைச் சுமையை ஏற்கெனவே தாங்குவதால் புதுச் சுவர் பாரம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் அடிச்சட்டம் மண்மட்டத்தை ஒட்டி அமர்ந்தால் உளுத்துப்போகும். ஆகவே அங்கே முதலில் கான்கிரீட் மேடு வார்த்து, அது இறுகிய பிறகே மரத்தைத் தொட வேண்டும்.