சூரியன் சீறும்போது 40 மீட்டரா, 15 மீட்டரா?

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் சிற்றலை ரேடியோ, கேட்பவர்களுக்கு இது என்றாவது ஒருநாள் நடக்கும். நல்ல பகல், 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டரில், நாலைந்து பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று எல்லாம் அடங்கிவிடும், குரல்களோடு பின்னணி இரைச்சலும் சேர்ந்து. முதல் தடவை நான் ஆன்டெனா வயர்தான் கழன்றுவிட்டது என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். வயர் கெட்டியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். சூரியத் தீப்பிழம்பின் எக்ஸ் கதிர்கள் 8 நிமிடம் சொச்சத்தில் வந்து, சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் அடியில், 60 முதல் 90 கி.மீ. உயரத்திலிருக்கும் டி அடுக்கில் எலெக்ட்ரான்களைப் பெருக்கிவிடுகின்றன. அங்கே காற்று ஓரளவு அடர்த்தி, அதனால் அலை ஆட்டிவிடும் எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, அலையின் சக்தி வெப்பமாகக் கரைகிறது. அதிர்வெண் மூன்று மடங்கானால் இந்த இழப்பு, டெசிபெல் கணக்கில், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 40 மீட்டரின் 7 மெகாஹெர்ட்ஸுக்கும் 15 மீட்டரின் 21-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதனால் இங்கே என் ஓட்டு 15 மீட்டருக்கு. பெரிய எக்ஸ் வகை (இருப்பதிலேயே வலிமையான வகை) தீப்பிழம்பு அதையும் விழுங்கலாம், ஆனால் முதலில் எழுந்து வருவது அதுதான். பவரைக் கூட்டிப் பயனில்லை: 100 வாட்டை 400 ஆக்கினாலும் கிடைப்பது 6 டெசிபெல். 2017 செப்டம்பர் 6 அன்று, இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த அதே நாளில், எக்ஸ்9.3 தீப்பிழம்பு வெடித்து அங்கே சிற்றலைத் தொடர்பு தடுமாறியது. இரவுப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

காந்தப்புயல் என்றால் கணக்கு தலைகீழ். சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மா ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து மோதும், அப்புறம் மேலே, அலையைத் திருப்பும் எஃப்2 அடுக்கு பல இடங்களில் மெலிந்துபோகும், பகல் இரவு பார்க்காமல், நாள் கணக்கில். மெலிந்த அடுக்கால் 21 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்ப முடியாது, அது நேரே விண்வெளிக்குப் போய்விடும். 2024 மே 10 அன்று வந்தது ஜி5 புயல், காந்தப்புயல் அளவுகோலின் உச்சம். இந்த மாதிரி நேரத்தில் 40 மீட்டர்தான் கைகொடுக்கும், துருவப் பக்கம் போகும் பாதைகளைத் தவிர.

எஃப்எம் இதில் சேர்த்தியே இல்லை, நேர்கோட்டில் போவதற்கு அயனி மண்டலம் எதற்கு?

எது வந்திருக்கிறது என்று தெரியவில்லையா? வெயில் நேரத்தில் இரைச்சல் சட்டென்று விழுந்தால் மேலே, 15 மீட்டருக்கு, ஏறுங்கள். காலையிலிருந்தே 15 மீட்டர் சோர்ந்துகொண்டே வந்தால் கீழே, 40 மீட்டருக்கு, இறங்குங்கள்.