நடையா, வேனா? பசுமலைப் பக்கத்து கேரல் ரவுண்ட்ஸ்

கிறிஸ்துமஸ் சமயத்தில் சபையார் இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடுவதுதான் கேரல் ரவுண்ட்ஸ். மதுரை பசுமலைப் பக்கத்தில் சின்ன வயதில் நடந்து போன ரவுண்ட்ஸ், பிறகு வந்த வேன் ரவுண்ட்ஸ் இரண்டிலும் பாடியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்டால் நடைதான்.

நடந்து போகும்போது தெருமுனையிலேயே பாட்டு தொடங்கிவிடும். முன்னால் ஒருவர் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவார்; அது உஸ்ஸென்று இரைந்துகொண்டே வரும். பாட்டுச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்காரர்கள் எழுந்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். மார்கழிப் பனிக்கு மப்ளர் சுற்றிய தாத்தாக்கள்கூட வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கைக் கவர், அப்புறம் தட்டு நிறைய அச்சு முறுக்கு. வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுப்பார். வேனில் போனால் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. இறங்கி, பாடி, ஏறினால் அடுத்த வீடு.

அதற்காக வேனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் வழியில் வளர்ந்த சபைகளின் குடும்பங்கள் இன்று திருநகர், வில்லாபுரம், அண்ணாநகர் என்று பரவிக் கிடக்கின்றன. அத்தனை தூரம் யார் நடப்பது? முட்டிவலி உள்ள அக்காமார்களும் பாட வர வேண்டுமே. ஒலிபெருக்கி மட்டும் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு.

நான் சொல்வது இதுதான்: ஏரியா வரை வேனில் போங்கள். தெருமுனையில் இறங்கி, பாடிக்கொண்டே நடங்கள். வண்டி அடுத்த முக்கில் நிற்கட்டும்.