'நாட்டு லூபின்' விதை வாங்குமுன் உறையைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் தோட்டம் போடுபவர்களுக்கு இது. இம்மண்ணுக்கே உரிய காட்டு லூபின் (கதிர் கதிராகப் பூக்கும் பயறு வகைச் செடி) என்று விளம்பரம் செய்த ஓர் இணையக் கடையில் விதை வாங்கினேன். முளைத்தது வேறு செடி.

இப்பகுதியின் மணற்பாங்கான நிலத்துக்கு உரிய காட்டு லூபினின் தாவரவியல் பெயர் லூபினஸ் பெரெனிஸ். கார்னர் ப்ளூ என்ற சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழு இதன் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. 1992 முதல் அந்தப் பூச்சி அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்தச் செடியை நான் தேடியதே அதற்காகத்தான். எனக்கு வந்ததோ அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கத்து லூபினஸ் பாலிஃபில்லஸ். அது இங்கே வேலி தாண்டிப் பரவும். மெய்ன் மாநிலத்துச் சாலையோரங்களில் இப்போது கொத்துக் கொத்தாக நிற்பது அதுதான்.

இந்த ஏமாற்று வேலையின் சூட்சுமம் காலத்தில் இருக்கிறது. நாற்றுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பூப்பதோ பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான். வளர்ந்த செடியில் இலைக்குப் பதினைந்து சிற்றிலைகள் வரை எண்ணியபோதுதான் எனக்கு உறைத்தது. காட்டு லூபினுக்குப் பொதுவாக 7 முதல் 11 வரைதான். உயரமும் இடுப்பைத் தாண்டிவிட்டது. அதற்குள் பணத்தைத் திரும்பப் பெறும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. கடைக்கு எழுதினேன். "இரண்டுமே அமெரிக்கச் செடிதானே" என்று பதில் வந்தது. கண்டத்தின் ஒரு கோடியில் இருப்பது மறுகோடிக்கும் சொந்தமாம்!

செடிக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுப் பாக்டீரியாப் பொடிக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள், பொடி வரவேயில்லை. வளர்ப்புக் குறிப்பில் 'தூவி நீர் விடவும்' என்று ஒரே வரி. விதையின் தோல் கல்லாட்டம் இருக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து இரவு முழுக்க ஊறவைக்காவிட்டால் பல விதைகள் அப்படியே கிடக்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டாலும் பிழைப்பது அரிது. இதில் ஒன்றுகூட அதில் இல்லை.

உறையில் தாவரவியல் பெயர் முழுதாக இல்லையென்றால் வாங்காதீர்கள். வெறும் 'லூபினஸ்' போதாது. விதை எந்தப் பகுதியில் சேகரித்தது என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் உடனே சொல்வார். படத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகக் கதிர்கள் நின்றால் அது தோட்டக் கலப்பினம். ஏற்கெனவே இதே விதையைப் போட்டிருப்பவர்கள், காய் வெடிப்பதற்குள் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள்.