ரேஸ் நாளில் யாரை நம்புவது: கடிகாரத்தையா, உடம்பையா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே ரேஸில் அடுத்தடுத்து முடிப்பது ட்ரையத்லான். விடியற்காலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டும் ட்ரையத்லான்காரர்களிடம் இரண்டு கட்சிகள் உண்டு. பவர் மீட்டர் காட்டும் வாட்ஸ் (எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்ற அளவு), மார்புப் பட்டை காட்டும் இதயத் துடிப்பு, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று எண்ணை நம்பிப் போவது ஒரு கட்சி. மூச்சையும் காலையும் கேட்டுப் போவது மற்றொன்று. பயிற்சியைப் பொறுத்தவரை இதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் இதையே தொழிலாக எடுத்துக்கொண்டு, பரிசுப் பணத்தையும் ஸ்பான்சரையும் நம்பி ரேஸுக்குப் போகிறவருக்குப் பதற்றத்தைக் குறைப்பது எது? இங்கேதான் வாக்குவாதம் சூடு பிடிக்கிறது.

எண் கட்சியின் பலம் அயர்ன்மேன் தூரத்தில் தெரியும். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதில் சைக்கிள் முழுக்க எதிர்காற்றிலிருந்து தப்ப முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது; தனியாகத்தான் மிதிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கால் துள்ளும். யாராவது கடந்து போனால் துரத்தத் தோன்றும். அப்போது ‘இதற்கு மேல் போகாதே’ என்று ஒரு எண் சொல்வது பெரிய நிம்மதி. ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்கும் பாரம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. மார்க் ஆலன் என்ற வீரர், அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த ஹவாயின் கோனாவில் பல வருடம் தோற்றவர். இதயத் துடிப்புக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு பொறுமையாகப் பயிற்சி செய்தவர். 1989-ல் அங்கே போட்டியாளர் டேவ் ஸ்காட்டோடு கடைசி மேடு வரை தோளோடு தோள் ஓடி, 58 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தக் காலத்தில் நார்வேக்காரர்கள் பயிற்சியின்போது ரத்தத்தில் லாக்டேட்டை (தசை கடுமையாக உழைக்கும்போது கூடும் பொருள்) அளந்து அளந்தே வேகத்தைத் தீர்மானிக்கிறார்கள். அந்த வழியில் வந்த பிளம்மன்ஃபெல்ட் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினார், குஸ்டாவ் ஈடன் 2022-ல் கோனாவை வென்றார்.

சரி, அப்படியென்றால் எண்ணே போதுமே? சென்னையில் ஒரு மே மாதம் ஓடிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. வேகம் அதேதான், எண் மட்டும் மேலே போகிறது. ஏசி அறையில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் இண்டோர் ட்ரெய்னரில் எடுத்த இதயத் துடிப்பு வரம்பை முட்டுக்காடு தாண்டி வெயிலில் பார்த்தால் அது வேறு ஆளுடைய எண் மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் மனசு பதறும், பதறினால் தோள் இறுகும், ஹேண்டில்பாரைப் பிடித்த விரல் வெளுக்கும். எண் ஏறுவதைப் பார்த்தே எண் ஏறுகிறது. தலைகீழான சிக்கலும் உண்டு: இங்கே பழகியவர் குளிர்ந்த ஊரில் ரேஸுக்குப் போனால், அதே வாட்ஸுக்குத் துடிப்பு குறைவாக இருக்கும்; பழைய எண்ணை எட்டப் பார்த்தால் அளவுக்கு மீறி மிதித்துவிடுவார்.

உடம்பு கட்சியின் களம் ஒலிம்பிக் தூரம்: 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. தொழில்முறை வீரர்களுக்கு இதில் சைக்கிளைக் கூட்டமாக ஒட்டி ஓட்ட அனுமதி உண்டு. வேகத்தைத் தீர்மானிப்பது கூட்டம்; திருப்பம் முடிந்து எல்லோரும் பாயும்போது உங்கள் வாட்ஸ் வரம்பை யாரும் கேட்கப் போவதில்லை. நீச்சலில் கடிகாரம் பார்க்கவே முடியாது. 2000-ல் சிட்னியில், ட்ரையத்லான் முதல்முறை ஒலிம்பிக்ஸில் வந்தபோது, சைமன் விட்ஃபீல்டு சைக்கிளில் விழுந்து எழுந்து பின்தங்கியும் தங்கம் வாங்கினார். பாரிஸில் 2024-ல் ஹேடன் வைல்டு பெரும்பாலான ஓட்டத்தில் முன்னால் இருந்தார். அலெக்ஸ் யீ கடைசிச் சில நூறு மீட்டரில் எட்டிப் பிடித்து 6 விநாடியில் ஜெயித்தார். அந்த மாதிரி நேரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் உடம்பும் பொய் சொல்லும். சைக்கிளிலிருந்து இறங்கியதும் முதல் கிலோமீட்டர் எல்லோருக்கும் மெதுவாகப் போவது போலத்தான் தோன்றும். உண்மையில் அப்போதுதான் பலர் அளவுக்கு மீறி ஓடுகிறார்கள். வெயில் இன்னும் மோசம். 2016-ல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த ரேஸில் பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்து, எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் தள்ளாடிவிட்டார். அண்ணன் அலிஸ்டர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய உடம்பையே வெயில் ஏமாற்றும் என்றால், ‘எனக்கு நல்லாத்தான் இருக்கு’ என்ற நினைப்பை மட்டும் நம்பி ஓட முடியாது.

என் கட்சி எது என்று கேட்டால், ஓட்டத்தில் உடம்பு, நீண்ட தூர சைக்கிளில் எண். அதற்கு உடம்பின் கணிப்பைப் பழக்க வேண்டும், அதுவாக வராது. கடிகாரத்தின் மேல் ரிஸ்ட் பேண்டை இழுத்து மூடிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓடுங்கள். நேரத்தை மனசுக்குள் சொல்லுங்கள், அப்புறம் திறந்து பாருங்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் செய்தால் வெயில் உங்கள் கணிப்பை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ‘ஃபீலில் ஓடுகிறேன்’ என்பது வெறும் ஆசை.

மூச்சுப் பயிற்சியைச் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்கிறார்கள். நல்லதுதான், இரண்டு கட்சிக்கும் பொருந்தும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் பதற்றம் இறங்கும். வேளச்சேரி நீச்சல் குளத்தில் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுக்க விடப் பழகியவர், கூட்டமாகப் பாயும் தொடக்கத்திலும் திணற மாட்டார். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் டிரான்சிஷனிலும் இது கைகொடுக்கும். ஹெல்மெட் கொக்கியை மாட்டாமல் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் தண்டனை. நடுங்கும் விரலுக்கு அந்தச் சின்னக் கொக்கி அகப்படவே அகப்படாது. தண்ணீரிலிருந்து ஓடிவரும்போதே இரண்டு மூச்சை நீளமாக விட்டால் கை நிதானப்படும்.

ரேஸுக்கு முந்தைய நாளே கடிகாரத் திரையை மாற்றிவிடுங்கள். சைக்கிளில் வாட்ஸும் நேரமும் இருக்கட்டும், இதயத் துடிப்பு வேண்டாம். ஓட்டத்தில் ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் ஒரு முறை பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்) வந்தால் போதும். முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் திட்டமிட்ட பேஸைவிட வேகமாக ஓடாதீர்கள்.